அக்காவின் ஜெபமும் ஆறிப்போன பிரியாணியும்

சென்னையிலிருந்து என் கதை திரும்பி வந்தால், அதன் பின்னாலேயே ஒரு வேண்டுகோளும் வரும். "அம்மா, உங்க கதை எங்க இதழுக்குப் பொருந்தி வரல" என்று பத்திரிகைக்காரர் ஆரம்பிப்பார். மரியாதைக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு, "அப்புறம், நீங்க திருப்பதிதானே? அடுத்த மாசம் குடும்பத்தோட மலைக்கு வரலாம்னு இருக்கோம்" என்பார்.

நான் திருப்பதி இல்லை, சித்தூர். மலை மேல் ஒரு தடவைகூடப் போனதில்லை. எங்கள் குடும்பம் வெள்ளைக்காரப் பாதிரி காலத்திலிருந்தே சபையைச் சேர்ந்தது. ஆனால் தரிசன டிக்கெட் எப்போது இணையத்தில் திறக்கும், கைக்குழந்தைக்காரர்கள் எந்த வரிசையில் போகலாம், மேலே அறை கிடைக்காவிட்டால் கீழே எங்கே தங்கலாம் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. கதையைத் திருப்பி அனுப்பிவிட்டு எந்த முகத்தோடு கேட்கிறார் என்று எரிச்சல் வரும். எரிச்சலோடேயே எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிக் கொடுப்பேன். அடுத்த கதையையாவது போட்டுவிட மாட்டாரா என்ற நப்பாசைதான். போட்டதில்லை. ஒருவர் மட்டும் நன்றி மறக்காமல் லட்டு கொடுத்தனுப்பினார். அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அக்கா வாசலிலேயே நிறுத்தினாள். மாமா, அதாவது அக்காவின் கணவர், வெளியே போய் நின்று சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

திருப்பதியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ் இலக்கியக் கூட்டம் நடக்கும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடி. ஆந்திராவில் தமிழை வளர்க்கிறோம் என்று பேனர் எழுதி வைத்திருப்பார்கள். உண்மையில் அந்தக் கூட்டத்தை வளர்ப்பது ஏழுமலையான்தான். வெளியூர் எழுத்தாளர்கள் தரிசனம் அமைந்தால் வருவார்கள், அமையாவிட்டால் அவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். ஒருமுறை சிறப்பு விருந்தினர் வரிசையில் மாட்டிக்கொண்டு கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது புது மொட்டையோடு வந்து சேர்ந்தார். அழைப்பிதழில் இருந்த படத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாததால், வாசலில் இருந்தவர் அவரை லாட்ஜில் அறை கேட்க வந்தவர் என்று நினைத்துக் கீழே அனுப்பிவிட்டார்.

அந்தக் கூட்டத்துக்கு நான் சித்தூரிலிருந்து பாகாலா வழியாக ரயிலில் போவேன். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக, தெலுங்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தமிழ் எழுதப் படிக்க ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தை வைத்துக் கற்றுக்கொண்டேன். அதனால் ஆரம்பகாலக் கதைகளில் என் பாத்திரங்கள் எல்லாரும் 'இதோ' என்று சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்வார்கள்.

அக்காவுக்கு அந்த எழுத்தும் வராது. எங்களுக்குப் பள்ளிக்கூடம் தெலுங்கு, வீட்டில் பேச்சு தமிழ். ஞாயிறு பள்ளியில் எழுத்து சொல்லித்தரும் நேரத்தில் அவள் பாடகர் குழுவில் போய் நின்றுகொள்வாள். பாட்டெல்லாம் காதாலேயே மனப்பாடம் ஆகிவிடும், எழுத்து எதற்கு என்பாள். அவள் பிள்ளை, மருமகள், சொந்தக்காரர்கள் எல்லாரும் இந்த ரகம்தான். தமிழில் சண்டை போடுவார்கள், தமிழில் அழுவார்கள், தமிழ்ப் பத்திரிகையைக் கொடுத்தால் படம் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள்.

ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் கிடையாது. தமிழ்நாட்டு எழுத்தாளர்கள் சித்தப்பாவைப் பற்றி எழுதிவிட்டு ஊருக்குப் போக முடியாமல் தவிப்பதைக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாரையும் அப்படியே தூக்கிக் கதையில் போட்டேன். பேரை மட்டும் மாற்றினேன். மூக்கைக்கூட மாற்றவில்லை.

அவர்களில் அதிகம் பயன்பட்டவள் அக்கா. அவள் ஜெபம் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். கல்யாணம், பிறந்தநாள், புது பைக், போர்வெல்லில் தண்ணீர் வந்தது, விசா கிடைத்தது, எதுவானாலும் எங்களிடம் ஸ்தோத்திரக் கூட்டம் உண்டு. போதகர் ஜெபித்து முடித்த பிறகு குடும்பத்தில் ஒருவர் ஜெபித்தால்தான் சாப்பாடு. அந்த ஒருவர் எப்போதும் அக்காதான். உலகத்தை உண்டாக்கியதற்கு நன்றி சொல்லி ஆரம்பிப்பாள். பிறகு சொந்தக்காரர்களை வயசு வாரியாக எடுப்பாள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ஆபரேஷன், யாருக்குப் பார்த்த வரன் தட்டிப்போனது என்று ஒன்றையும் விடமாட்டாள். ஆண்டவருக்குத் தெரியாததையா சொல்கிறாள், எங்களுக்குத்தான் சொல்கிறாள். என் கல்யாணத்துக்காகவும் ரொம்ப காலம் அதில் ஒரு பகுதி இருந்தது. எனக்கு ஐம்பது தாண்டியதும் சத்தமில்லாமல் அதை விட்டுவிட்டாள். நிம்மதிக்குப் பதிலாக எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

அந்த ஜெபத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. அக்காவுக்கு யார் மேலாவது மனசு முறிந்தால் அவள் சண்டை போடமாட்டாள். ஜெபத்தில் அவர்கள் பேரை விட்டுவிடுவாள். மாமாவின் தங்கை ஒரு கிறிஸ்துமஸில் கறி வேகவில்லை என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஸ்தோத்திரக் கூட்டத்தில் வரிசை அவளைத் தாண்டி அடுத்தவருக்குப் போனது. எல்லாரும் கண்ணை மூடியபடியே அதைக் கவனித்தோம். அதோடு அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. நைனாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு இருக்கிற ஒரே வீடு அக்கா வீடு. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், காய்ச்சல் எல்லாம் எனக்கு அங்கேதான்.

இவ்வளவும் தெரிந்துதான் அந்தக் கதையை எழுதினேன். ஒரு கல்யாண வீட்டில் ஒரு அம்மாள் ஜெபம் பண்ண எழுந்திருக்கிறாள். அவள் முடிப்பதற்குள் குழந்தைகள் தூங்கிவிடுகின்றன, மாப்பிள்ளைத் தோழன் ரயிலைத் தவறவிடுகிறான், பிரியாணி ஆறிப்போகிறது. அவ்வளவுதான் கதை. திருப்பதிக் கூட்டத்தில் வாசித்தபோது ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் எழுந்து, அந்த அம்மாள் எதைக் குறிக்கிறாள் என்று கேட்டார். எங்கள் அக்காவை என்றேன். "குறியீடாகவா?" என்றார். அவரை ஒருநாள் அக்கா வீட்டு விருந்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பசியோடு உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்திரிகைகள் அதை வரிசையாகத் திருப்பின. இப்படி ஒரு பெண் இருக்க முடியாது, மிகைப்படுத்தல் என்றார் ஒருவர். மொழி கொச்சையாக இருக்கிறது, தெலுங்கு வாடை அடிக்கிறது என்றார் இன்னொருவர். என் கதையில் வருகிற 'துன்னு'வும் 'போய்க்கினு'வும் வேலூரிலும் திருத்தணியிலும் பேசுவதுதான், அதற்குத் தெலுங்கு என்ன பாவம் பண்ணியது என்று கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. அவருக்குச் சுப்ரபாத டிக்கெட் வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு பதிப்பாளர் என் கதைகளைத் தொகுப்பாகப் போட ஒப்புக்கொண்டார். ஜெபக் கதை அவருக்குப் பிடித்துவிட்டது, அதைத்தான் முதலில் வைப்பேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, பேச்சை எல்லாம் கொஞ்சம் சுத்தம் பண்ணித் தரவேண்டும். பண்ணிக் கொடுத்தேன். 'இன்னா மே, துன்னுட்டியா' என்று கேட்டவள் 'என்னம்மா, சாப்பிட்டாயா' என்று கேட்டாள். என் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே ராத்திரியில் வானொலியில் செய்தி வாசிக்கப் போனவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. புத்தகம் வரவேண்டும் என்ற ஆசை வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

புத்தகம் வருகிறது என்று அக்காவிடம் சொன்னேன். அந்த நேரத்தில் அவள் பிள்ளை, பெங்களூரில் வேலை செய்பவன், வேலூர் ரோட்டில் புது வீடு கட்டி முடித்திருந்தான். வீட்டுப் பிரதிஷ்டைக்கு நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்கே புத்தகத்தையும் வெளியிட்டுவிடலாம் என்று அக்கா முடிவு பண்ணினாள். பந்தல் எப்படியும் போடுகிறோம், போதகர் எப்படியும் வருகிறார், வீட்டுக்கு ஜெபம் பண்ணும்போது புத்தகத்துக்கும் சேர்த்துப் பண்ணிவிடுவார் என்பது அவள் கணக்கு. புத்தகங்களை நேராகப் புது வீட்டுக்கே அனுப்பச் சொன்னாள். பதிப்பாளர் முதலில் இழுத்தார். மறுநாள் காலை தரிசனத்துக்கு ஏற்பாடு பண்ணுகிறேன் என்றதும் உடனே சம்மதித்தார்.

எனக்கு ஒரு பயமும் இல்லை. பந்தலில் உட்காரப்போகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் புத்தகத்துக்குள் இருந்தார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் போதகரும், எங்கள் சபையின் பழைய உபதேசியாரும், வேறு சில கிழவர்களும்தான். அவர்களும் வேதாகமத்தைத் தவிர எதையும் தொடமாட்டார்கள். நிம்மதியாகப் புதுப் பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன்.

அன்றைக்குக் காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. போதகர் ரிப்பன் வெட்டினார், ஒவ்வொரு அறையாகப் போய் ஜெபித்தார். பதிப்பாளருக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். அவர் வழக்கமான இலக்கிய விழா என்று நினைத்து வந்தவர், மிக்ஸி கிரைண்டர் பரிசுகளுக்கு நடுவில் தன் புத்தகக் கட்டு இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போதகர் புத்தகத்தைக் கையில் தூக்கி, இதை வாசிக்கிற ஒவ்வொருவரும் மனந்திரும்பட்டும் என்று ஜெபித்து வெளியிட்டார். கைதட்டினார்கள். பின்பக்கத்திலிருந்து பிரியாணி வாசனை வந்தது. இனி அக்காவின் ஜெபம், அப்புறம் சாப்பாடு என்று உட்கார்ந்திருந்தேன்.

அக்கா மைக்கிடம் வந்தாள். கண்ணை மூடுவதற்குப் பதிலாகக் கைப்பையைத் திறந்து ஒரு கத்தைத் தாளை எடுத்தாள், கண்ணாடியை மாட்டினாள். "எந்தங்கச்சி புஸ்தகத்துலேர்ந்து மொதக் கதைய நானே படிக்கப்போறேன்" என்றாள்.

எங்கள் சபையில் இளசுகளுக்காகத் தமிழ்ப் பாட்டுகளைத் தெலுங்கு எழுத்தில் அச்சடிப்பார்கள். உபதேசியார் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுவார், அக்காவின் மருமகள் கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தெலுங்கில் அடிப்பாள். ஞாயிறுதோறும் என் கண்முன்னால் நடக்கிற காரியம். பாட்டுக்குச் செய்வதைக் கதைக்கும் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு இந்தக் கூட்டல் தெரியாமல் போயிற்று. புத்தகக் கட்டு வீட்டுக்கு வந்ததும், எனக்கு ஆச்சரியம் கொடுப்பதற்காக, அக்காவும் மருமகளும் உபதேசியாரும் உட்கார்ந்து முதல் கதையைத் தெலுங்கு எழுத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

அக்கா படிக்க ஆரம்பித்தாள். அந்த அம்மாள் ஜெபம் பண்ண எழுந்திருக்கும் இடம் வந்தபோது பந்தல் அமைதியாக இருந்தது. உலகத்தை உண்டாக்கியதற்கு அவள் நன்றி சொன்னதும் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்து சர்க்கரை வியாதிக்காரர் வந்தார், வரன் தட்டிப்போன பெண் வந்தாள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. மாமா மட்டும் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். அக்கா ஒரு தடவையும் நிமிரவில்லை. தாளைப் பார்த்து, நிறுத்தி, நிதானமாகப் படித்துக்கொண்டே போனாள்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அக்கா வாயிலிருந்து வருவது நான் அச்சில் கொடுத்த தமிழாக இல்லை. உபதேசியார் பாட்டென்றால் எழுத்து பிசகாமல் சொல்லுவார், கதையென்றதும் தன் வாய்க்கு வந்தபடி சொல்லியிருக்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்டவள் மறுபடியும் 'துன்னுட்டியா' என்றாள். போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் 'போய்க்கினு' இருந்தார்கள். நான் சுத்தம் பண்ணிக் கெடுத்த ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். அது மட்டுமில்லை, ஒவ்வொரு பத்தி முடியும்போதும் உபதேசியார் பழக்க தோஷத்தில் ஸ்தோத்திரம் என்று சொல்லியிருக்க, மருமகள் அதையும் விடாமல் அடித்திருக்கிறாள். "மாப்ளத் தோழன் ரயிலை வுட்டுட்டான், ஸ்தோத்திரம்" என்று அக்கா படித்தாள். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. பதிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்து, இந்த ஸ்தோத்திரத்தை நீங்கள் எனக்கு அனுப்பிய பிரதியில் காணோமே என்றார். அவரை அந்த இடத்திலேயே கொன்றிருப்பேன்.

என் கதை முதல் தடவையாக உயிரோடு இருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தவள், தன்னையே நான் கேலி பண்ணியதைப் படித்துக்கொண்டிருந்தாள். முன்னாலேயே ஒத்திகை பார்த்திருப்பாள், அதனால் இப்போதுதான் தெரியவந்தது என்றும் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. எல்லாம் தெரிந்தும்தான் படிக்கிறாள். ஏன் என்று மட்டும் புரியவில்லை.

கடைசி வரியில் பிரியாணி ஆறிப்போனது. அக்கா தாளை மடித்தாள், கண்ணாடியைக் கழற்றினாள். பந்தல் முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது.

"கதை நல்லாதான் கீது" என்றாள். "எல்லாம் நெஜந்தான். நான் ஜெபம் பண்ணா லேட்டு ஆவும், ஒத்துக்கிறேன். ஆனா பிரியாணி ஆறிப்போச்சின்னு எழுதிகீறா பாரு, அது பொய். எங்க வூட்டு பிரியாணி என்னிக்கி ஆறிச்சி?"

சிரிப்பு அடங்க நேரம் ஆனது. நானும் சிரித்தேன். அப்போதுதான் அவள், "இன்னிக்கி நான் ஜெபம் பண்ணல. எந்தங்கச்சி பண்ணுவா" என்று சொல்லிவிட்டு மைக்கை என் கையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்து அக்கா ஜெபிக்காத விருந்து எங்கள் குடும்பத்தில் நடந்ததில்லை. அவள் ஜெபித்தால் வயசு வரிசையில் என் பேர் வந்தாகவேண்டும். என் பேரை வாயால் சொல்ல இஷ்டமில்லாமல்தான் ஜெபத்தையே விட்டுவிட்டாள் என்று தோன்றியது. சபைக்கு முன்னால் மாமாவின் தங்கைக்கு நடந்ததைவிட இது மோசம். நான் பொது இடத்தில் ஒருநாளும் ஜெபம் பண்ணினவளும் இல்லை.

இரண்டு வரியில் முடித்துவிடலாம் என்று கண்ணை மூடினேன். இந்த வீட்டுக்காக நன்றி, சாப்பாட்டுக்காக நன்றி, ஆமென். வீட்டுக்காக நன்றி சொன்னேன். வீட்டைக் கட்டினவன் பேரைச் சொல்லாமல் எப்படி விடுவது, சொன்னேன். அவனைச் சொன்னால் அவன் பெண்டாட்டியைச் சொல்லவேண்டாமா, கதையை அடித்தவள் அவள்தானே. அப்படியென்றால் சொல்லிக்கொடுத்த உபதேசியார். ஒருவரைச் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் என்னையும் சொல்லுவாளா என்று ஒரு கண்ணைத் திறந்து காத்திருப்பது மூடின கண்ணுக்கே தெரிந்தது. மாமாவின் முழங்கால் வலி வந்தது. பதிப்பாளர் புதியவர், அவரை விட்டால் வருத்தப்படுவார் என்று அவரையும் சேர்த்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல், நாளைக்கு அவருக்கு நல்ல தரிசனம் கிடைக்கட்டும் என்று கேட்டுவிட்டேன். உபதேசியாரின் ஸ்தோத்திரம் பாதியில் நின்று தொண்டைக்குள் போனது.

அதற்கப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. என் கதைகளைத் திருப்பி அனுப்பிய பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள், அவர்களையும் ஆசீர்வதிக்கச் சொன்னேன், ரொம்ப வேண்டாம் என்றும் சொன்னேன். புத்தகத்தைப் பார்க்க இல்லாமல் போன நைனாவும் அம்மாவும் வந்தார்கள். வரிசையில் அக்கா மட்டும்தான் பாக்கி. எழுத்தில் அவளை எவ்வளவோ சொன்னவளுக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, எங்க அக்கா ஜெபத்துலேர்ந்து என் பேர எடுத்துடாதபடிக்கிப் பாத்துக்கப்பா. எனக்கு வேற வூடு இல்ல" என்று சொன்னேன். மைக் வழியாக என் மூக்கை உறிஞ்சும் சத்தம் வேலூர் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஆமென்" என்று பந்தலே அதிர அக்கா முடித்து வைத்தாள்.

கண்ணைத் திறந்தபோது குழந்தைகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தன. போதகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனாள். அண்டா மூடியைத் தூக்கிப் புறங்கையை உள்ளே வைத்துப் பார்த்தாள். முதல் தட்டை அவளே போட்டு, பெரிய கறித்துண்டாகத் தேடி வைத்து, எல்லார் முன்னாலும் என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஆறிப்பூடுச்சி பாப்பா" என்றாள். "இப்ப எழுது, பொய் ஆவாது."